ஓட்ட ஆளில்லாத கார்

கண்டக்டருக்கு வாய் சும்மா இருக்காது. பஸ் வேலை போனதே அதனால்தான். பதினேழு வருடம் டிக்கெட் கிழித்தவர், ஒருநாள் பரிசோதனைக்கு ஏறிய அதிகாரியைப் பார்த்து, "பஸ்ல டிக்கெட் இல்லாத ஒரே ஆள் நீங்கதான் சார்" என்று சொல்லிவிட்டார். பஸ்ஸே சிரித்தது, அதிகாரியைத் தவிர. அடுத்த மாதம் சீருடையை மடித்துக் கொடுத்துவிட்டு வந்து வக்கீலம்மாவிடம் உதவியாளராகச் சேர்ந்தார்.

வக்கீலம்மாவும் சீருடையைக் கழற்றியவர்தான். இருபது வருடம் கோர்ட்டில் மற்றவர்கள் சொன்ன பொய்களையெல்லாம் கேட்டு அலுத்துப்போய், இனிமேல் உண்மையை நேரில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று துப்பறியும் தொழிலுக்கு வந்தவர். கறுப்புக் கோட்டு போய்விட்டது, பட்டப்பெயர் போகவில்லை. அவருடைய சின்னக் காரை ஓட்டுவது, சந்தேகப்படுவது, தப்பாகச் சந்தேகப்படுவது ஆகிய மூன்றும் கண்டக்டரின் பொறுப்பு.

வியாழக்கிழமை மதியம் ஒரு போன் வந்தது. பேசியவர் ஓய்வுபெற்ற சர்வேயர். விஷயம் என்னவென்று வக்கீலம்மா கேட்டதற்கு, "என் காரு யாருக்கும் தெரியாம வெளிய போயிட்டு வருது. நாளை மறுநாள் நாலு மணிக்குள்ள எங்க போச்சுன்னு தெரியணும்" என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வரும் வழியை அடி அளவில் சொன்னார்.

வீடு ஒரு சரிவான தெருவில் இருந்தது. கண்டக்டர் காரை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கும்போதே, கேட்டைத் திறக்க வந்த சர்வேயரின் மனைவி அவரைத் தடுத்தார். அறுபதைத் தாண்டிய, குள்ளமான, சுறுசுறுப்பான அம்மாள்.

"தம்பி, இது சரிவு. முன் சக்கரத்த நடைபாதைப் பக்கம் திருப்பி வச்சுட்டு இறங்குங்க."

"பயப்படாதீங்கம்மா. இந்த வண்டி சாவி போட்டாக்கூடக் கிளம்பாது. தானா எங்க கிளம்பப் போகுது?"

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. நகரவும் இல்லை. கண்டக்டர் மறுபடி ஏறி உட்கார்ந்து, சக்கரத்தைத் திருப்பி வைத்துவிட்டுத்தான் உள்ளே போக முடிந்தது. எல்லா வீட்டிலும் இப்படி ஒருவர் இருப்பார் என்று அவர் மனசுக்குள் முணுமுணுத்துக்கொண்டார்.

கொட்டகைக் கதவைச் சர்வேயர் திறந்ததும் கண்டக்டர் வாயடைத்துப் போனார். அது அவருக்கு அடிக்கடி நடக்கிற விஷயம் இல்லை. வெளிர்பச்சை உடம்பும் வெள்ளைக் கூரையுமாக, பின்பக்கம் இரண்டு மீன்வால் தூக்கிக்கொண்டு, ஒரு அமெரிக்கக் கார் கொட்டகையை அடைத்துக்கொண்டு நின்றது. ஐம்பதுகளில் செய்தது. பம்பரில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம். சுவரில் ஆணிகளில் துடைக்கிற துணிகள் வரிசையாகத் தொங்கின, கண்ணாடிக்குத் தனி, தோல் சீட்டுக்குத் தனி. ஒரு பலகையில் மாற்று பல்புகள் பெயரெழுதிய டப்பாக்களில் இருந்தன. ஜன்னலோரம் ஒரு தடித்த நோட்டு. தேதி, மீட்டர் எண், போன இடம், ஓட்டியவர் என்று அதில் நான்கு கட்டங்கள். ஓட்டியவர் என்ற கட்டத்தில் நாற்பது வருடமாக ஒரே சொல்தான் எழுதியிருந்தது: நான்.

சர்வேயர் உயரமான மனிதர். சோடாப் புட்டி மாதிரி கண்ணாடி. பார்வை மங்கிவிட்டது, இனிமேல் ஓட்டக்கூடாது என்று கண் மருத்துவர் சொல்லிவிட்டாராம். நோட்டின் கடைசி வரியில் இருந்தது அவர் அப்படிச் சொன்ன நாளின் தேதிதான். பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். நன்றாக வைத்துக்கொள்கிற ஒருவரிடம் காரை ஒப்படைத்துவிடலாம் என்று ஆறு வாரம் முன்னால் விளம்பரம் கொடுத்திருந்தார். கத்தரித்து அட்டையில் ஒட்டி வைத்திருந்த அந்த விளம்பரத்தைக் கண்டக்டர் சத்தமாகப் படித்தார்.

"நாற்பது வருடம் ஒரே கையில் இருந்த அமெரிக்கக் கார். ஓடியது 41,206. கூரைத் துணி முதல் ஸ்டெப்னி வரை அனைத்தும் அசல். ஓட்ட ஆளில்லாததால் விற்பனைக்கு."

வாங்க வந்தவர் ஒரு பல் டாக்டர். பழைய கார்களைச் சேகரிப்பவர். ரொம்பக் கறாரானவர். வருவதற்கு முன்பே கடிதம் எழுதியிருந்தார்: விளம்பரத்தில் ஒரு வரி தவறாக இருந்தாலும் வியாபாரம் இல்லை. சர்வேயருக்கு அந்தக் கடிதம் பிடித்துப் போய்விட்டது. இப்படிப்பட்ட ஆள்தான் காரைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்வார் என்று நினைத்தார். அந்த வியாழக்கிழமை காலையில்தான் டாக்டர் வந்தார், சுற்றிப் பார்த்தார், சொக்கிப் போனார். கடைசியில் குனிந்து மீட்டரைப் பார்த்தார். 41,338.

"நூத்தி முப்பத்திரண்டு கூட ஓடியிருக்கு" என்றார் சர்வேயர். "முப்பத்தஞ்சு வருஷம் ஊரை அளந்தவன் நான். ஒரு அங்குலம் தப்புன்னு ஒருத்தன் என்னைச் சொன்னதில்ல. சனிக்கிழமை நாலு மணி வரைக்கும் டயம் தந்திருக்கார். கணக்கு சொல்லிட்டா வாங்கிக்கிறேன்னார். சொன்னா கொடுக்கறேன்னு நானும் வாக்கு கொடுத்துட்டேன். சொல்ல முடியலன்னா நான் பொய்யன். காரை விடுங்க, அந்தப் பேரோட நான் இருக்க மாட்டேன்."

கண்டக்டர் தன் குறிப்பேட்டில் '132 கி.மீ.' என்று எழுதி அடிக்கோடிட்டார்.

வக்கீலம்மா கேட்டுத் தெரிந்துகொண்டவை கொஞ்சம்தான். கொட்டகைக்கும் காருக்கும் இரண்டு ஜோடிச் சாவி. ஒன்று சர்வேயரின் சட்டைப் பையில், இன்னொன்று முப்பது வருடமாகக் காரைக் கவனிக்கிற மெக்கானிக்கிடம். சர்வேயர் வீட்டை விட்டு நகர்வது புதன்கிழமை மதியம் இரண்டிலிருந்து ஐந்து வரை மட்டும். பழைய அலுவலக நண்பர் ஒருவர் வந்து அழைத்துப் போவார். அங்கே நான்கு கிழவர்கள் சேர்ந்து வரைபடங்களை விரித்துவைத்துச் சண்டை போடுவார்கள். சர்வேயரின் மனைவி அந்த நேரத்தில் என்ன செய்வார் என்று வக்கீலம்மா கேட்டார். "அவ என்ன செய்வா, வீட்டு வேலை பார்ப்பா" என்றார் சர்வேயர்.

உள்ளே உட்கார்ந்து பார்க்கலாமா என்று கண்டக்டர் கேட்டார். பெரிய மனுஷன் தோரணையில் வலது பக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தவர், எதிரே கையை நீட்டினார். ஒன்றும் தட்டுப்படவில்லை.

"சார், காரு மட்டும் போகல. ஸ்டியரிங்கையும் தூக்கிட்டுப் போயிட்டாங்க."

"அமெரிக்கக் காருங்க. ஸ்டியரிங் இடது பக்கம்" என்றார் சர்வேயர் அலுப்புடன்.

கண்டக்டர் அசடு வழிந்துகொண்டே இறங்கப் பார்த்தார். முட்டி முன்பலகையில் இடித்தது. இந்தக் காரிலா முட்டி இடிக்கிறது என்று சர்வேயருக்கு ஆச்சரியம். முன் சீட்டு சோபா மாதிரி ஒரே நீளமாக, கதவிலிருந்து கதவு வரை போகிறது. மூன்று பேர் கால் நீட்டி உட்காரலாம். உங்கள் கால்தான் அநியாய நீளம் என்று தீர்ப்பு சொல்லிவிட்டார். பஸ் படியில் தொங்கித் தொங்கி வளர்ந்த கால் என்று கண்டக்டர் ஒப்புக்கொண்டார். வக்கீலம்மா மட்டும் கண்டக்டரின் முட்டியையும் சர்வேயரின் முட்டியையும் ஒருமுறை மாறி மாறிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

அன்று மாலையே மெக்கானிக்கைப் போய்ப் பார்த்தார்கள். பார்த்தார்கள் என்று சொல்ல முடியாது. ஆள் ஒரு லாரிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தார், வெளியே இரண்டு கால்கள்தான் நீட்டிக்கொண்டிருந்தன. கால் மணி நேரம் அந்தக் கால்களோடு பேசினார்கள். கடைசியில்தான் கால்கள் வாயைத் திறந்தன.

"சாவி என்கிட்டதான் இருக்கு. மத்தத நான் சொல்ல மாட்டேன்."

வெளியே வந்ததும் கண்டக்டர் வழக்கை முடித்துவிட்டார். இப்படிப்பட்ட காரைப் போட்டோ எடுக்கிறவர்களுக்கும் படம் எடுக்கிறவர்களுக்கும் மணிக்கணக்கில் வாடகைக்கு விடலாம், மெக்கானிக் ஆறு புதன்கிழமையாக அதைத்தான் செய்கிறார், கையும் களவுமாகப் பிடித்தால் போதும் என்றார். வக்கீலம்மாவுக்கு ஒரு விஷயம் உறுத்தியது. தெரியாது என்று சொல்லியிருந்தால் அந்த ஆள் தப்பித்திருக்கலாம். சொல்ல மாட்டேன் என்றார். தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறவன் அப்படிப் பேச மாட்டான் என்பது அவருடைய கோர்ட் அனுபவம்.

வெள்ளிக்கிழமை காலை கண்டக்டரின் மூளைக்கு வேலை வந்தது. நூற்று முப்பத்திரண்டை ஆறு புதன்கிழமைக்கு வகுத்தால் ஒரு தடவைக்கு இருபத்திரண்டு. போக பதினொன்று, வர பதினொன்று. நகரத்தின் ஒவ்வொரு பஸ் நிறுத்தமும் எத்தனையாவது கிலோமீட்டர் என்று அவருக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும்.

"பதினோராவது கிலோமீட்டர்னா மூணே இடம்தான் வக்கீலம்மா. வடக்குல சோப்புக் கம்பெனி, கிழக்குல மரக்கிடங்கு, மேற்குல தண்ணித் தொட்டி. ஏறுங்க."

சோப்புக் கம்பெனி வாசலில் அப்படி ஒரு காரை யாரும் பார்த்ததில்லை. மரக்கிடங்கில் இருந்தவர்கள், அப்படி ஒரு கார் வந்திருந்தால் வேலையை விட்டுவிட்டு அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருப்போம் என்றார்கள். தண்ணீர்த் தொட்டியில் தண்ணீர் கூட இல்லை. வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. கண்டக்டரின் முகத்தில் ஈயாடவில்லை. சாலையோரக் கடையில் டீ வாங்கிக் கையில் பிடித்துக்கொண்டு, பதினேழு வருட அனுபவம் இப்படிக் காலை வாரிவிட்டதே என்று புலம்பினார்.

வக்கீலம்மா அவருடைய குறிப்பேட்டை வாங்கிப் பார்த்தார். அடிக்கோடிட்ட எண்ணின் மேல் விரலை வைத்தார்.

"சர்வேயர் நூத்தி முப்பத்திரண்டுன்னுதானே சொன்னார். இந்த 'கி.மீ.' யார் சொன்னது?"

"யாரும் சொல்லல. நான் போட்டேன். தூரம்னா வேற என்ன?"

"அது எந்த நாட்டுக் காரு?"

கண்டக்டர் டீயைக் கீழே வைத்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டார். அமெரிக்காக்காரன் எதையும் மைலில்தான் எண்ணுவான். ஸ்டியரிங்கை இடது பக்கம் வைத்தவன் மீட்டரை மட்டும் நமக்காகவா மாற்றி வைத்திருப்பான்? வாழ்நாள் முழுக்கக் கிலோமீட்டரிலேயே டிக்கெட் கிழித்த கைக்கு வேறு எதுவும் எழுத வரவில்லை, அவ்வளவுதான். இரண்டு நிமிடம் விரல்விட்டு எண்ணினார். பதினொரு மைல் என்றால் பதினேழே முக்கால் கிலோமீட்டர். வடக்குச் சாலை பன்னிரண்டில் ஆற்றோடு முடிந்துவிடும். கிழக்கில் பதின்மூன்றுக்கு மேல் ரயில் யார்டு, சாலையே இல்லை. நீளமாகப் போவது மேற்குச் சாலை ஒன்றுதான். அதிலும் பதினாறாவது கிலோமீட்டரில் பழைய விமான ஓடுதளம். அதை விட்டால் இருபத்தொன்றில் செங்கல் சூளை.

"ஓடுதளம்னு வச்சுக்கிட்டா போக வர முப்பத்திரண்டு. இருபத்திரண்டு மைலுக்கு முப்பத்தஞ்சு வரணும். மூணு கிலோமீட்டர் உதைக்குதே" என்று தலையைச் சொறிந்தார்.

"அந்த மூணு அங்கயே சுத்தினதா இருக்கலாம். போன இடத்துலயே சுத்திச் சுத்தி வர்றதுக்கு அங்க என்ன இருக்கு?"

கண்டக்டருக்கு அது தெரியவில்லை. அவர் காலத்தில் அங்கே புல்தான் இருந்தது.

இப்போது தகரப் பீப்பாய்கள் இருந்தன. விமானமே வராத அந்த நீளமான தளத்தில் பீப்பாய்களை வளைவு வளைவாக அடுக்கியிருந்தார்கள். அவற்றுக்கு நடுவே சில கார்கள் பயந்து பயந்து ஊர்ந்தன. ஒரு கார் பீப்பாயை மோதி நின்றது, அதிலிருந்து இறங்கிய மனிதர் பீப்பாயிடம் மன்னிப்புக் கேட்டார். ஓட்டக் கற்றுக்கொள்கிறவர்கள் பழகுவதற்கும், லைசென்ஸ் தேர்வு நடத்துவதற்கும் அந்த இடத்தை ஒதுக்கியிருந்தார்கள்.

நுழைவாயிலில் ஒரு கூண்டு. அதற்குள் ஒரு காவலாளி. வெளிர்பச்சைக் கார் என்று ஆரம்பித்ததுமே அவர் முகம் மலர்ந்துவிட்டது. கப்பல் மாதிரி ஒரு கார் ஆறு வாரமாகப் புதன்கிழமை தவறாமல் வருகிறது, அது வருகிற நாளில் தான் விடுப்பே எடுப்பதில்லை என்றார். யார் கொண்டுவந்தது என்று கேட்டதற்குப் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். ஆறு வரிகள், ஆறிலும் மெக்கானிக்கின் கையெழுத்து.

கண்டக்டர் வக்கீலம்மாவைப் பார்த்த பார்வையில் பதினோராவது கிலோமீட்டர் அவமானமெல்லாம் கழுவிக்கொண்டு போயிருந்தது. "ஆள் சிக்கிட்டாரு. கால் பேசலன்னா என்ன, கை பேசிருச்சு" என்றார்.

வக்கீலம்மா காவலாளியிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"கையெழுத்துப் போட அவர் இறங்கி வந்தாரா?"

"எதுக்கு இறங்கணும்? எல்லாரும் போடற மாதிரிதான். என் கூண்டு வண்டிக்கு வலது பக்கம் இருக்கு. வலது பக்க ஜன்னல் வழியா கையை நீட்டிப் போட்டுட்டுப் போவாரு."

கண்டக்டர் தலையாட்டினார். பாதி ஆட்டலில் தலை நின்றுவிட்டது. நேற்று வலது பக்கம் ஏறி உட்கார்ந்து காற்றில் துழாவிய கை இன்னும் அவருக்கு நினைவிருந்தது.

"வலது பக்கம் உக்காந்தா..." என்று இழுத்தார்.

"கையெழுத்துப் போடலாம். காரை ஓட்ட முடியாது" என்றார் வக்கீலம்மா.

அப்படியானால் ஓட்டியது யார்? அந்தப் பக்கம் யாரோ இருந்தது நிஜம்தான், ஆனால் கார் அகலம், ஆள் குள்ளம், தலைமுடி கொஞ்சம் தெரிந்தது, அவ்வளவுதான் என்றார் காவலாளி. பதிவேட்டில் ஆட்கள் என்ற இடத்தில் ஆறு முறையும் இரண்டு என்றிருந்தது. நோக்கம் என்ற இடத்தில் ஐந்து புதன்கிழமைகளுக்குப் 'பயிற்சி' என்று எழுதியிருந்தது. ஆறாவதற்குத் 'தேர்வு'.

திரும்பும் வழியில் கண்டக்டர் ஒவ்வொரு குள்ளமான ஆளாகப் பிடித்துத் தூக்கிலேற்றிக்கொண்டே வந்தார். மெக்கானிக்கின் மகனாக இருக்கும். இல்லை, மருமகனாக இருக்கும். அடுத்தவன் காரில் மருமகனுக்கு லைசென்ஸ் வாங்கிக் கொடுக்கிற மாமனார் கோடியில் ஒருவர் என்று அவரே அதைத் தள்ளுபடியும் செய்தார். நீளமான சீட்டு முழுசும் முன்னால் நகர்ந்திருந்ததால்தான் தன் முட்டி இடித்தது என்பது இப்போது அவருக்கும் புரிந்திருந்தது. ஆனால் முட்டிக்குச் சொந்தமான மூளை அதற்குமேல் நகரவில்லை.

சர்வேயரின் தெருவில் காரை நிறுத்தினார். கை தானாகவே ஸ்டியரிங்கை நடைபாதைப் பக்கம் திருப்பியது. திருப்பிய கை அப்படியே நின்றுவிட்டது. சரிவில் நிறுத்தும்போது முன் சக்கரத்தைத் திருப்பி வைக்க வேண்டும் என்பது லைசென்ஸ் தேர்வுப் புத்தகத்தில் இருக்கிற விதி. பல வருடம் ஓட்டுகிறவர்கள் அதை மறந்துவிடுவார்கள். நேற்றுப் படித்தவர்கள்தான் அடுத்தவனை மறுபடி ஏற்றி உட்காரவைத்துத் திருப்பச் சொல்வார்கள்.

"வக்கீலம்மா" என்றார் மெதுவாக. "வீட்டு வேலை பார்க்கிறதா சொன்னாரே, அந்தம்மா..."

"ம். நேத்து 'நான்'னு எழுதின நோட்டைப் பார்த்தப்பவே எனக்குக் கொஞ்சம் உறுத்துச்சு. ஓட்டவே தெரியாதவங்களுக்கு அந்த விதி எதுக்குன்னு."

"நேத்தே தெரிஞ்சும் என்னை சோப்புக் கம்பெனிக்குக் கூட்டிட்டுப் போனீங்களா?"

"சந்தேகம் வேற, கணக்கு வேற கண்டக்டரே. அவர் கேட்டது கணக்கு."

கண்டுபிடித்த சந்தோஷம் கண்டக்டருக்கு அரை நிமிடம்கூட நிற்கவில்லை. நாற்பது வருடம் 'நான்' என்று எழுதிய மனிதரிடம், உங்களைப் பொய்யனாக்கியது உங்கள் மனைவிதான் என்று யார் போய்ச் சொல்வது? பாவம், அந்த அம்மாள். பாவம், அந்த மனிதர். வக்கீலம்மாவுக்கு அந்தக் குழப்பம் இல்லை. கணக்கைத் தருவதாகத்தான் ஒப்புக்கொண்டோம், அதை நம் வாயால்தான் சொல்ல வேண்டும் என்று யாரும் எழுதிக் கேட்கவில்லை என்றார். கேட்டருகே போய் அந்த அம்மாளோடு பத்து நிமிடம் பேசினார். என்ன பேசினார்கள் என்று கண்டக்டருக்குக் கேட்கவில்லை. அந்த அம்மாள் முதலில் முகத்தை மூடிக்கொண்டதும், பிறகு நிமிர்ந்து தலையாட்டியதும் மட்டும் தெரிந்தது.

சனிக்கிழமை நான்கு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது பல் டாக்டர் வந்தார். பேசுகிறவர்களின் கண்ணைப் பார்க்காமல் பல்லையே பார்க்கிற மனிதர். கண்டக்டர் அன்று வாயைத் திறக்காததற்கு அதுவும் ஒரு காரணம். மெக்கானிக்கும் வந்து கொட்டகை மூலையில் நின்றிருந்தார். இந்த முறை தலையும் இருந்தது. சர்வேயர் இஸ்திரி போட்ட சட்டையில், தண்டனை கேட்க வந்தவர் மாதிரி நின்றார்.

கணக்கு கிடைத்ததா என்று டாக்டர் கேட்டார். வக்கீலம்மா ஒதுங்கி நின்றார். சர்வேயரின் மனைவி முன்னால் வந்து, சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த ஒரு அட்டையை எடுத்துக் காரின் முன்மூடியின் மேல் வைத்தார். புதன்கிழமை தேர்வு முடிந்த கையோடு கொடுத்த லைசென்ஸ். போட்டோவில் அவர் முகம் முழுக்கச் சிரித்திருந்தார்.

"நூத்தி முப்பத்திரண்டும் நான்தான் ஓட்டினேன்" என்றார் கணவரைப் பார்த்து. "மெக்கானிக் மேல தப்பில்ல. முடியாதுன்னுதான் சொன்னார். நான்தான் விடல. பாஸான சந்தோஷத்துல அன்னைக்கு சீட்டைப் பின்னால தள்ளக்கூட மறந்துட்டோம்."

சர்வேயர் அட்டையைக் கண்ணுக்கு மிக அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா என்ன சொல்லியிருப்பீங்க?"

அவர் யோசித்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். "உனக்கெதுக்கு இதெல்லாம்னு சொல்லியிருப்பேன்" என்றார்.

"விளம்பரத்த நீங்க எழுதிட்டுப் போஸ்ட் பண்ணச் சொல்லி என்கிட்டதான் கொடுத்தீங்க. ஓட்ட ஆளில்லன்னு எழுதியிருந்தீங்க. நாப்பது வருஷமா அதே சீட்டுல உங்க பக்கத்துலதான் உக்காந்திருக்கேன். ஒரு தடவ என்னைக் கேட்டீங்களா?" அட்டையை அவர் கையிலிருந்து வாங்கித் தலைப்பில் முடிந்துகொண்டார். "காரை விக்கிறது உங்க இஷ்டம். ஆனா ஆளில்லன்னு சொல்லி விக்காதீங்க."

டாக்டர் முன்னால் வந்து, தனக்குத் திருப்தி, ஒவ்வொரு மைலுக்கும் கணக்கு வந்துவிட்டது, சொன்னபடி காரை வாங்கிக்கொள்கிறேன் என்று பையிலிருந்து பேனாவை எடுத்தார். சர்வேயர் கொடுத்த வாக்கு கண்டக்டருக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கணக்கு சொன்னால் கார் போய்விடும். அந்த மனிதர் வாக்குத் தவறமாட்டார். வக்கீலம்மாவைப் பார்த்தார். அவர் டாக்டரின் கடிதத்தை எடுத்து, விளம்பரம் ஒட்டிய அட்டைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர் போல மாற்று பல்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சர்வேயர் கடிதத்தைக் கையில் எடுத்தார். பிறகு விளம்பரத்தை எடுத்தார். ஒவ்வொரு வரியாக விரலை ஓட்டிக்கொண்டு வந்து, கடைசி வரியில் நிறுத்தினார். சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பென்சிலை உருவினார். முப்பத்தைந்து வருடம் தப்பான எல்லைக்கோடுகளை அடித்த பென்சில்.

"டாக்டர், விளம்பரத்துல ஒரு வரி தவறா இருந்தாலும் வியாபாரம் இல்லன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா. ஆனா மீட்டர் கணக்குதான் சரியாயிடுச்சே."

"மீட்டர் சரிதான். கடைசி வரி தப்பு." கோடு நேராக விழுந்தது. "ஓட்ட ஆள் இருக்கு."

பல் டாக்டர் முதல்முறையாகப் பல்லை விட்டுவிட்டு மனிதர்களின் முகத்தைப் பார்த்தார். கணவன் முகத்தைப் பார்த்தார், மனைவி முகத்தைப் பார்த்தார். தன் வாயால் கெட்டோம் என்பது அவருக்குப் புரிந்தது. பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டு, கறாராக இருப்பதில் இப்படி ஒரு நஷ்டம் உண்டு என்று இன்றைக்குத்தான் தெரிகிறது என்றார். போவதற்கு முன் மீன்வாலை ஒருமுறை தடவிவிட்டுத்தான் போனார்.

கால் மணி நேரம் கழித்துக் கார் தெருவில் நின்றது. மெக்கானிக் கை காட்ட, அந்த அம்மாள்தான் கொட்டகையிலிருந்து ஒரு கீறல் விழாமல் பின்னால் எடுத்து, சரிவில் நிறுத்தி, முன் சக்கரத்தை நடைபாதைப் பக்கம் திருப்பி வைத்திருந்தார். நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வந்த சர்வேயர் பழக்க தோஷத்தில் இடது பக்கக் கதவில் கையை வைத்தார். உள்ளே ஆள் இருந்தது. காரின் முன்மூடியைத் தொட்டுக்கொண்டே சுற்றி நடந்து போய், வலது பக்கம் ஏறினார். இரண்டு முட்டியும் முன்பலகையில் இடித்தன.

"சீட்ட ஒரு அங்குலம் பின்னால தள்ளேன்."

"தள்ளினா எனக்கு பிரேக் எட்டாது."

"அப்ப இருக்கட்டும்" என்றார் சர்வேயர். தூக்கி நின்ற முட்டிகளின் மேல் நோட்டை விரித்தார். எழுதுவதற்கு உயரம் சரியாகத்தான் இருந்தது. மீட்டரில் எவ்வளவு என்று கேட்டார். அந்த அம்மாள் குனிந்து வாசித்தார். அவர் எண்ணை எழுதினார், தேதியை எழுதினார், ஓட்டியவர் என்ற கட்டத்துக்கு வந்து, பேனாவைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, மனைவியின் பெயரை முழுசாக எழுதினார்.

"போற இடம்?" என்று கேட்டார்.

"தெரியல. முதல்ல கிளம்பலாம்."

கண்டக்டர் காரின் பின்னால் போய் நின்றார். தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். எந்த வண்டியும் வரவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கி மூன்று வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்ததை, மீன்வாலில் இரண்டு தட்டுத் தட்டிச் சத்தமாகச் சொன்னார்.

"ரைட். போலாம்."